ஏ-யா, பி-யா?



இந்த இதழின் நடுப்பக்கங்களில் எம்ஜிஏவும் எம்ஜிபியும் அருகருகே நிற்கின்றன. இரண்டும் இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் பிறந்தவை. எது உசத்தி என்ற வழக்கு, பழைய கார் பிரியர்கள் நாலு பேர் கூடினால் இன்றும் எழும்.

அழகுப் போட்டி என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை, ஏ-தான். அதற்கு முந்தைய எம்ஜி ஸ்போர்ட்ஸ் கார்கள் நிமிர்ந்த ரேடியேட்டரும் தனித்து நிற்கும் மட்கார்டுகளுமாக முப்பதுகளின் சாயலிலேயே இருந்தன. 1955இல் வந்த ஏ-க்கு வடிவமைப்பாளர் சிட் எனெவர் தந்ததோ மூக்கிலிருந்து வால்வரை ஒரே வீச்சாக ஓடும் உடல். திறந்த காரின் கதவுக்கு வெளியே கைப்பிடிகூடக் கிடையாது. உள்ளே கைவிட்டு ஒரு கயிற்றை இழுத்துத் திறக்க வேண்டும். ஏற்றி இறக்கும் கண்ணாடியும் இல்லை. மழை வந்தால் பக்கத் திரைகளை எடுத்து மாட்ட வேண்டியதுதான்.

ஏ-யின் உடல் கனமான தனிச் சேஸிஸ் மேல் உட்கார்ந்திருந்தது. 1962இல் வந்த பி அந்தச் சேஸிஸையே விட்டுவிட்டது. உடலே பாரத்தைத் தாங்கியது. மற்ற மாற்றங்கள் பலவும் இதிலிருந்து கிளைத்தவை. நீளம் சுமார் மூன்று அங்குலம் குறைந்தும் உள்ளே இடம் கூடியது. கதவுக் கண்ணாடி ஏறி இறங்கியது. இன்ஜினும் 1798 சிசி ஆனது. ஆனால் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள்: முன்னால் சுருள்வில், பின்னால் பட்டைவில், எல்லாம் ஏ-யின் வழியில் வந்தவைதான்.

என் ஓட்டு பி-க்கு. வேலைக்குப் போகவும், கடைக்குப் போகவும், ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் பறக்கவும் ஒரே கார் போதும் என்று ஒரு சம்பளக்காரர் நம்ப முடிந்தது இதை வைத்துத்தான். 1965இல் இத்தாலிய வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரினாவின் கைவண்ணத்தோடு கூரையிட்ட ஜிடி வந்தபோது, பின்னால் குழந்தைகளை உட்காரவைக்கவும் இடம் கிடைத்தது. பதினெட்டு ஆண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றதற்கு வேறென்ன காரணம் வேண்டும்?

1974இல் அமெரிக்க விதிகளுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டி, உயரத்தையும் கூட்டினார்கள். அதற்குப்பின் வளைவுகளில் கார் சாயத் தொடங்கியது. அது எனக்கு இன்றும் வருத்தம்தான். 1980இல் ஆபிங்டனே மூடப்பட்டது.

ஆனாலும் 1988 முதல், பழைய அச்சுகளைக் கொண்டே பி-யின் முழு உடலும் புதிதாகத் தயாரிக்கப்படுகிறது. துருவேறிய காரையும் அதனால் மீட்க முடிகிறது. பி வாங்க நினைப்பவர்கள் முதலில் கதவுக்கு அடியிலுள்ள சில் பகுதியைச் சோதியுங்கள். காரின் பலமே அங்கேதான். பளபளக்கும் பெயின்டை நம்பாமல் அதை எப்படித் தட்டிப் பார்ப்பது என்பதைப் படங்களோடு உள்ளே தந்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்