மெல்லக் கற்போர் பட்டியல்

பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் நாளில் ஒரே தெருவில் இரண்டு விதமான விளக்கம் கேட்கும். நம் வீட்டுப் பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்தால், "கெமிஸ்ட்ரி பேப்பர் ரொம்பக் கஷ்டம், திருத்தினவங்களும் கை இறுக்கம், பரீட்சை நேரத்துல அவனுக்குக் காய்ச்சல் வேற" என்போம். எதிர்வீட்டுப் பிள்ளைக்குக் குறைந்தால், "எந்நேரமும் கையில போனு, அப்புறம் எப்படி மார்க் வரும்?" என்று பேச்சை முடித்துவிடுவோம். இரண்டையும் சொல்கிறவர் மனதறிந்து பொய் சொல்லவில்லை. தன் பிள்ளையின் காய்ச்சலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். எதிர்வீட்டில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. தெரியாத இடத்தை அந்தப் பிள்ளையின் குணத்தைக் கொண்டு நிரப்பிவிடுகிறார்.

அடுத்தவர் செயலுக்கு அவர் குணத்தைக் காரணமாக்கி, அவர் நிற்கும் சூழலைக் காணாமல் விடும் இந்தப் பழக்கத்தை மனிதரின் அடிப்படைப் பிழை என்றே 1977இல் எழுதினார் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் லீ ராஸ். அதே ஆண்டு தெரசா அமபைல், ஜூலியா ஸ்டைன்மெட்ஸ் இருவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஒரு சோதனையை நம் ஆசிரியர் பயிற்சி வகுப்பு ஒவ்வொன்றிலும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். மாணவர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். யார் கேள்வி கேட்பது, யார் பதில் சொல்வது என்பதைக் குலுக்கல் முறையில்தான் முடிவு செய்தார்கள். கேட்பவர் தனக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்களிலிருந்து பத்துக் கடினமான கேள்விகளைத் தயாரிக்க வேண்டும். கிரிக்கெட் பைத்தியம் கிரிக்கெட்டில் கேட்கும், சினிமா பைத்தியம் சினிமாவில் கேட்கும். எதிரில் இருப்பவர் பாதிக்கு மேல் திணறத்தானே செய்வார்? திணறினார்கள். பிறகு இருவரின் பொது அறிவையும் மதிப்பிடச் சொன்னபோது, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கேள்வி கேட்டவரையே பெரிய அறிவாளி என்றார்கள். குலுக்கல் நடந்தது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

என்னை அதிகம் உறுத்துவது இதற்கு அடுத்த முடிவு. பதில் சொன்னவர்களும் அப்படியே நினைத்தார்கள். கேள்வி கேட்டவரைவிடத் தமக்கு அறிவு குறைவு என்று தாங்களே மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். அது கொஞ்ச நேர விளையாட்டு. பன்னிரண்டு வருடம் பதில் சொல்லும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கும் பிள்ளை தன்னைப் பற்றி என்ன முடிவுக்கு வந்திருக்கும்?

தோல்விக்கு நாம் சொல்லும் காரணம் அந்த நாளோடு போவதில்லை, அடுத்த தேர்வுக்கும் கூடவே வருகிறது. பெர்னார்ட் வெய்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியை இதற்கே கொடுத்தார். ஒரு காரணத்தைக் கேட்டதும் அவர் மூன்று விஷயங்களைப் பார்ப்பார்: அது ஆளுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா, மாறுமா மாறாதா, நம் கையில் இருக்கிறதா இல்லையா. நம் வீடுகளில் புழங்கும் பேச்சை இந்த மூன்றிலும் வைத்துப் பாருங்கள். "இவனுக்குப் படிப்பு ஏறலை" என்றால் காரணம் உள்ளே இருக்கிறது, மாறாது, யார் கையிலும் இல்லை. "எல்லாம் தலையெழுத்து" என்பது ஆறுதல் மாதிரி ஒலித்தாலும், குறையைப் பிள்ளையிடமிருந்து எடுத்து வெளியே வைக்கிறதே தவிர, மற்ற இரண்டிலும் முதல் வாக்கியத்துக்கு அது உடன்பிறப்பு. அறுபது வயதுக்காரர் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து அப்படிச் சொல்லிக்கொள்ளட்டும். பதினேழு வயதுப் பெண்ணின் காதுபடச் சொல்லக் கூடாது.

காரணத்தை மாற்றிச் சொன்னால் பிள்ளை மாறுமா? உளவியலாளர் கரோல் டுவெக் இதைப் பார்த்து 1975இல் வெளியிட்ட ஆய்வில் 12 குழந்தைகள்தான். ஒரு கணக்கு வரவில்லையென்றால் அடுத்த கணக்கையும் கைவிட்டுவிடுகிற குழந்தைகள் அவர்கள். பாதிப் பேருக்கு எப்போதும் வெற்றி கிடைக்கும்படி எளிய கணக்குகளாகக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு இடையிடையே தோல்வியும் வந்தது. அப்போதெல்லாம், இன்னும் கொஞ்சம் முயன்றிருக்க வேண்டும் என்று காரணத்தைக் கூடவே சொன்னார்கள். கடைசியில் உண்மையான தோல்வி வந்தபோது வெற்றியை மட்டும் பார்த்தவர்கள் பழையபடி உடைந்துபோனார்கள். காரணம் சொல்லிக்கொடுக்கப்பட்டவர்கள் நின்றார்கள்.

இதைப் படித்துவிட்டு "முயற்சி செய், முயற்சி செய்" என்று சுவரெல்லாம் எழுதினால் அதுவும் அநியாயம்தான். முயற்சி ஒன்றே காரணம் என்றால் தோற்றவன் சோம்பேறி என்றாகிவிடும். விடியற்காலையில் தண்ணீர் பிடித்து, தம்பி தங்கையைக் கிளப்பி, பேருந்தில் தொங்கிக்கொண்டு பள்ளிக்கு வருகிற பிள்ளையிடம் "இன்னும் முயற்சி செய்" என்பது என்ன பேச்சு? காரணத்தைச் சூழலில் தேடுவதில் தமிழ்நாட்டுக்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வராததற்கு, அந்த மக்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொன்னவர்களும் உண்டு. காமராஜர் ஆட்சி பசியைக் காரணமாகப் பார்த்தது. 1956இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. காரணத்தைக் குழந்தையின் குணத்தில் தேடியிருந்தால் இதில் ஒன்றுகூட நடந்திருக்காது, அறிவுரைதான் மிஞ்சியிருக்கும்.

சூழலைப் பார்க்கும் கண் நமக்குப் புதிதல்ல. உளவியலாளர் ஜோன் மில்லர் 1984இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கர்களையும் மைசூர் மக்களையும் ஒப்பிட்டார். தமக்குத் தெரிந்தவர் செய்த நல்லதையும் கெட்டதையும் அவர்களையே சொல்லவைத்து, ஏன் செய்தார் என்று விளக்கச் சொன்னார். எட்டு வயதில் இரு நாட்டுக் குழந்தைகளின் பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வயது ஏற ஏற அமெரிக்கர்கள் குணத்தின் பக்கமும், மைசூர்க்காரர்கள் கடமை, உறவு, நிலைமை என்பவற்றின் பக்கமும் விலகிப் போனார்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் சூழலைக் கேட்டுவிட்டுத்தான் பேசுவார்கள் என்று இதை வைத்துப் பெருமைப்படலாம். ஆனால் மதிப்பெண் என்று வந்தால் அந்தக் கண்ணை மூடிக்கொள்கிறோம் என்பது நான் பார்த்த வரையில் உண்மை.

மூடிய கண்ணுக்கு அடையாளமாக நம் பள்ளிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. மெல்லக் கற்போர் பட்டியல். நல்ல எண்ணத்தில்தான் தயாரிக்கிறார்கள். அவர்களுக்கென்று சுருக்கமான கையேடு, மாலை நேர வகுப்பு, தேர்ச்சிக்கு வேண்டிய மதிப்பெண்ணுக்கு மட்டும் பயிற்சி. உதவி கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பெயரிலேயே காரணம் சொல்லப்பட்டுவிட்டது. மெல்லக் கற்பது அந்தப் பிள்ளையின் இயல்பு, இனிக் கேட்க எதுவும் இல்லை. அந்த வகுப்பில் உட்காருகிற பிள்ளைக்குத் தான் எந்தப் பட்டியலில் இருக்கிறோம் என்பது நன்றாகத் தெரியும்.

எனக்குத் தெரிந்த கணக்கு டீச்சர் ஒருவர் வேறு மாதிரி செய்கிறார். ஃபெயில் ஆன பிள்ளைகளை விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கச் சொல்வார். நகல் வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, "இது எங்க விட்டுப்போச்சு, சொல்லும்மா" என்று கேட்பார். ஒரு பெண்ணுக்குத் தொகை நுண்கணிதம் முழுவதும் வெற்றுப் பக்கம். அந்தப் பாடம் நடந்த வாரங்களில் அவள் அம்மா மருத்துவமனையில் இருந்திருக்கிறார், இவள்தான் துணைக்கு இருந்திருக்கிறாள். இன்னொரு பையன் கணக்கைச் சரியாக ஆரம்பித்துவிட்டு பின்னத்தில் தடுக்கி விழுந்திருக்கிறான். ஆறாம் வகுப்பிலேயே விட்டுப்போன பின்னம். பட்டியலில் இருவரும் ஒரே மாதிரி. துணைத் தேர்வுக்கு இருந்த சில வாரங்களில் அவளுக்கு அந்த ஒரு பாடத்தையும் அவனுக்குப் பின்னத்தையும் டீச்சர் தனித்தனியாக நடத்தினார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அந்தப் பட்டியலை மறுபடியும் தயாரிப்பார்கள். தலைமை ஆசிரியர்களிடம் நான் கேட்பது பெரிதில்லை. தலைப்பை மாற்றுங்கள். பெயர், வகுப்பு, மதிப்பெண் என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் 'காரணம்' என்று இன்னொரு கட்டம் போடுங்கள். பிள்ளையிடம் கேட்காமல் அதை நிரப்பாதீர்கள்.