அணுகுண்டில் நமக்கென்ன பெருமை?

சென்ற அக்டோபரில் ஒரு மாலை, ஆர்.கே.பேட்டையில் என்னிடம் ஓத வரும் மாணவனொருவன், அப்துல் கலாம் பிறந்தநாள் பேச்சுப் போட்டிக்காகத் தான் எழுதிய உரையைத் திருத்தித் தரும்படி நீட்டினான். முதல் வரியே என்னைத் தடுத்து நிறுத்திற்று: 'அணுகுண்டு தந்து பாரதத்தின் தலையை நிமிர்த்திய இஸ்லாமியத் தமிழர்.' சிறுவனைக் கடிந்துகொள்ள நாவெழவில்லை. அவ்வரியை அவனுக்குப் புகட்டியவர்கள் நாமல்லவா?

1998 மே மாதம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். 11-ஆம் நாள் மூன்று, 13-ஆம் நாள் இரண்டு எனப் பொக்ரான் பாலையில் ஐந்து வெடிப்புகள். அன்று இவ்வூர்த் தேநீர்க் கடையில் நம் பெரியவர் ஒருவர் வந்தோர்க்கெல்லாம் மிட்டாய் வழங்கினார். "இனி நம்மை யார் ஐயுறுவார்? செய்தவர் நம்மவராயிற்றே!" என்றார். அவருடைய மகிழ்ச்சிக்குள் இருந்தது அச்சம். தன் நாட்டுப் பற்றை மெய்ப்பிக்க ஒரு சமுதாயம் அணுகுண்டையே நன்னடத்தைச் சான்றிதழாக நீட்ட வேண்டிய இழிநிலையை அன்று நான் உணரவில்லை. நானும் மிட்டாய் தின்றேன்.

அந்நாளின் பெயர்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். உளவுக் கண்களுக்குத் தப்ப விஞ்ஞானிகள் இராணுவ உடையணிந்து புனைபெயர் பூண்டிருந்தனர். இராமேசுவரத்து ஜைனுலாபிதீன் மரைக்காயரின் மைந்தருக்கு வாய்த்த பெயர் மேஜர் ஜெனரல் பிருத்விராஜ். அணுசக்தித் துறைத் தலைவராயிருந்த ஆர்.சிதம்பரத்துக்கு நட்ராஜ். அதற்கு முந்தைய மாதம் பாகிஸ்தான் பறக்கவிட்ட ஏவுகணையின் பெயரோ கோரி. 1192-இல் தராயின் களத்தில் பிருத்விராஜனை வென்ற அதே முஹம்மத் கோரி! எண்ணூறு ஆண்டுப் பழம்பகைக்கு இருபுறத்து அறிவாளிகளும் புதுச்சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அவர்களுடைய ஏவுகணை வரிசைக்கு 'ஹத்ஃப்' என்று பெயர். அரபு அகராதியைப் புரட்டினால் அதன் பொருள் மரணம். அது ஒன்றுதான் பொய்யில்லாத பெயர். 1974-இல் நாம் வெடித்ததைச் 'சமாதான வெடிப்பு' என்றோம். அதை முன்னின்று நடத்திய ராஜா ராமண்ணாவே அது வெடிகுண்டுதான் என்று 1997-இல் வாய்திறந்தார்.

நம்மிடையே வேறொரு சாராரும் உண்டு. அவர்கள் மிட்டாய் வழங்கவில்லை. மே 28-இல் பலூசிஸ்தானத்துச் சாகாய் மாவட்டத்து மலை அதிர்ந்தபோது உள்ளுக்குள் மகிழ்ந்தார்கள். 'இஸ்லாமிய குண்டு' என்றொரு சொல் அப்போது உலவிற்று. அந்த அணுத் திட்டத்தின் நாயகரெனப் போற்றப்பட்ட அப்துல் காதிர் கான், ஈரானுக்கும் லிபியாவுக்கும் வட கொரியாவுக்கும் இரகசியங்களைக் கைமாற்றியதாக 2004 பிப்ரவரியில் தொலைக்காட்சியில் தோன்றி ஒப்புக்கொண்டார். வட கொரியாவில் எந்த இஸ்லாம் வாழ்கிறது, ஐயா?

குண்டு இருந்தால் போர் வராது என்பார் உளர். இரு நாடுகளும் வெடித்துக் காட்டி ஓராண்டு நிறைவதற்குள் 1999-இல் கார்கில் வந்தது. நம் தரப்பில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டனர்.

சிரியா நோக்கிப் படையை வழியனுப்பிய ஹஸ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள், பெண்டிரையும் சிறாரையும் முதியோரையும் கொல்லலாகாது, கனிதரும் மரத்தை வெட்டலாகாது என்று பணித்தார்கள். வாளேந்தியவனால் அக்கட்டளையைப் பேண முடிந்தது. அணுகுண்டு எப்படிப் பேணும்? 1945 ஆகஸ்ட் 6 காலையில் ஹிரோஷிமாவில், தீ பரவாதிருக்க வீடுகளை இடித்து வெளியாக்கும் பணியில் ஈடுபடுத்தப்பட்டிருந்த பள்ளிச் சிறார்கள் ஆயிரக்கணக்கில் கருகினர். கொல்லத் தகாதவரைப் பிரித்தறியவே இயலாத ஓர் ஆயுதம் இந்துவின் கையில் இருந்தாலென்ன, முஸ்லிமின் கையில் இருந்தாலென்ன?

"விஞ்ஞானி என் செய்வான்? ஆள்வோர் ஏவினர், அவன் செய்தான்" என்ற சமாதானமும் எடுபடாது. அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றிய ஜோசப் ராட்பிளாட், ஜெர்மனியிடம் குண்டு இல்லையென்று தெரிந்ததும் 1944-இன் இறுதியில் வேலையை உதறி வெளியேறினார். ஐம்பதாண்டு கழித்து, 1995-இல், சமாதானத்துக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. வெளியேறும் வாசல் இருந்தது, நடந்தவர்தாம் அரியர். பயன்தராத இல்மிலிருந்து பாதுகாப்புத் தேடிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

கலாமை நான் இகழவில்லை. எளிமையும் உழைப்பும் நிறைந்த மனிதர். போலியோவால் கால் சூம்பிய குழந்தைகள் மூன்று கிலோ உலோகத்தைக் காலில் கட்டிக்கொண்டு இழுத்து நடப்பதை ஐதராபாத் மருத்துவமனையில் கண்டு, ஏவுகணைக்கென உருவாக்கிய இலேசான பொருளால் 300 கிராமில் அதைச் செய்வித்தவர் அவர். தமக்குப் பேரானந்தம் தந்தது அதுவே என்று அவரே பலமுறை கூறியதுண்டு. அவர் சொன்னதை நாம் செவிமடுக்கவில்லை.

மாணவனிடம் இதைச் சொல்லி, முதல் வரியை அடித்துவிட்டு அந்த 300 கிராமிலிருந்து தொடங்கச் சொன்னேன். தலையைச் சொறிந்தான். "குண்டுன்னு சொன்னாத்தான் கை தட்டுவாங்க, ஹஸ்ரத்" என்றான். மறுவாரம் கோப்பையுடன் வந்தான். எந்த வரியைப் பேசினான் என்று நான் கேட்கவில்லை.