அடுப்பங்கரைக்கு ஏன் இருட்டு?

பொங்கல் வருகிறதென்றால் நம் ஊர்களில் சுண்ணாம்புக்குக் கிராக்கி ஏற்பட்டுவிடுகிறது. எந்தத் தெருவில் போனாலும் சுவருக்கு வெள்ளையடிக்கிற வேலைதான். நல்ல வழக்கந்தான், அதைக் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வெள்ளை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை யாராவது கவனித்ததுண்டா? தெருப்பக்கத்துச் சுவருக்கு இரண்டு பூச்சு. திண்ணைக்கு இரண்டு பூச்சு, அதன் ஓரத்தில் காவிப்பட்டை வேறு. கூடத்திற்கு ஒரு பூச்சு. சாமி மாடத்திற்குத் தனிக் கவனிப்பு. கடைசியாக வாளியின் அடியில் நீர்த்துப்போன கரைசல் ஏதாவது மிஞ்சினால் அது அடுப்பங்கரைக்கு. மிஞ்சாவிட்டால், “உள்ளேதானே, யார் பார்க்கப் போகிறார்கள்?” என்ற ஒரு வார்த்தையோடு காரியம் முடிந்துவிடுகிறது.

யார் பார்க்கப் போகிறார்களா? விடிவதற்கு முன் எழுந்து அந்த அறைக்குள் நுழைந்து, காப்பி, பலகாரம், சாப்பாடு, மறுபடி காப்பி, மறுபடி சாப்பாடு, கடைசியில் பாத்திரம் என்று நாள் முழுதும் அங்கேயே நின்றுகொண்டிருக்கிற ஒருத்தி இருக்கிறாளே, அவள் பார்க்கமாட்டாளா? அல்லது அவள் பார்ப்பது பார்வைக் கணக்கில் சேராதா? திண்ணையில் மாதத்திற்கு ஒரு நாள் வந்து உட்கார்ந்து வெற்றிலை போட்டுப் போகிறவருக்காக இரண்டு பூச்சு. தினம் ஐந்தாறு மணி நேரம் வேலை செய்கிறவளுக்கு வாளியின் வண்டல். இதற்குப் பெயர் சிக்கனம் என்று சொல்லிக்கொள்ளுகிறோம்.

உண்மையில் அடுப்பங்கரை இருட்டாயிருப்பதற்குப் பணமில்லாமை காரணமல்ல. பணமில்லாமையே காரணமானால் பணக்காரர் வீட்டு அடுப்பங்கரைகளாவது பிரகாசமாக இருந்திருக்க வேண்டுமல்லவா? பழைய பெரிய வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள். முற்றத்தில் நாடகம் போடலாம். ஊஞ்சல் கூடத்தில் கல்யாணம் நடத்தலாம். அடுப்பங்கரையோ வீட்டின் கடைக்கோடியில், ஒரு சாண் அகல ஜன்னலோடு, கரி பிடித்துக் கிடக்கும். ஏன் அப்படிக் கட்டினார்கள்? அந்நியன் கண் பட்டால் அன்னம் தீட்டாகிவிடும், அதிலும் தாழ்த்தப்பட்டவன் பார்த்துவிட்டால் சோறே தோஷமாகிவிடும் என்று வைதிகர்கள் எழுதி வைத்தார்கள். திருஷ்டி தோஷம் என்று அதற்கு ஒரு பெயர். பிறத்தியான் கண் உள்ளே போகாதபடி ஜன்னலைக் குறுக்கினார்கள். கண் போகாத இடத்தில் சூரியன் மட்டும் எப்படிப் போவான்? ஒரு சாதியான் பார்க்கக்கூடாது என்று அடைத்த ஓட்டை, அந்தச் சாதியானைவிடத் தன் வீட்டுப் பெண்களையே அதிகமாய்த் தண்டித்தது. பிறகு மேல்சாதிக்காரன் கட்டியதைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே கட்டிக்கொண்டார்கள்.

இப்போது அந்தத் தீட்டை வாய்விட்டுச் சொல்ல அநேகர் வெட்கப்படுகிறார்கள். ஆனால் அதன் இடத்தில் வாஸ்து வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. தென்கிழக்கு அக்கினி மூலையாம். அடுப்பு அங்கேதான் இருக்க வேண்டுமாம். சமைக்கிறவள் கிழக்கே பார்த்துத்தான் நிற்க வேண்டுமாம். மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டிய ஒரு மனையில், வெளிச்சம் வருகிற ஒரே பக்கம் வடக்காக இருந்தால் என்ன செய்வது? வாஸ்துக்காரர் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அவர் ஒரு நாள் வந்து, தட்சிணை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். ஜன்னலில்லாத மூலையில் நிற்கப்போகிறவள் அவர் அல்லவே!

இப்படியெல்லாம் பிறரைச் சொல்லிவிட்டு என்னை மறைத்துக்கொள்ளுவது நியாயமாகாது. என் வீடு சிறிய ஓட்டு வீடு. முன்கூடத்திற்கு மட்டும் சில வருஷங்களுக்கு முன் கடன் வாங்கி ‘ஃபால்ஸ் சீலிங்’ போட்டு, அதில் வரிசையாக விளக்குப் பதித்தேன். வந்தவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்து நன்றாயிருக்கிறது என்றார்கள். அடுப்பங்கரையில் இருந்தது ஒரே ஒரு விளக்கு. அதுவும் வாசற்படிக்கு மேலே. அதே காலத்தில் என் மனைவி காய் நறுக்கும்போது இரண்டொரு தடவை விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டாள். “கவனமாயிருக்கக் கூடாதா?” என்று உபதேசம் செய்தேன். பிறகு அவள் தாய்வீட்டில் ஒரு காரியமாகப் பத்து நாள் தங்க நேர்ந்தது. சமையல் என் பொறுப்பாயிற்று. இரண்டாம் நாள் மாலை வெங்காயம் நறுக்கும்போது என் விரல் போயிற்று. அப்போதுதான் பார்த்தேன்: விளக்கு என் முதுகுக்குப் பின்னால் எரிகிறது, என் நிழல் முழுவதும் மேடையின்மேல் விழுகிறது, நான் என் நிழலுக்குள்ளேயே கத்தியை வைத்துத் துழாவிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு வருஷமாக அவள் அப்படித்தான் சமைத்திருக்கிறாள். கவனம் இல்லாதிருந்தவன் யார் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

ஆகவே கீழே நான் சொல்லுவது புத்தகத்தில் படித்ததல்ல. பெரும்பாலும் என் கையால் செய்து பார்த்தது.

முதலில் கரியை எடுக்க வேண்டும். விறகடுப்போ, தாளிக்கிற எண்ணெய்ப் புகையோ, எதுவானாலும் சுவரில் ஒரு பிசுக்கு ஏறியிருக்கும். அதன்மேல் எவ்வளவு சுண்ணாம்பு அடித்தாலும் நிற்காது. நின்றாலும் நாலு நாளில் பழுப்பு மேலே வந்துவிடும். ஒட்டடையை அடித்து, சுவரைச் சுரண்டி, சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் துடைத்து, நல்ல தண்ணீரால் அலம்பிக் காயவிட வேண்டும். வேலையில் பாதி இதுதான். பெரும்பாலோர் செய்யாமல் விடுவதும் இதையேதான்.

பிறகு சுண்ணாம்பு. பலர் நினைப்பதுபோல அது ஏழைகளின் கடைசிப் புகலிடமல்ல, அருமையான சாமான். கல்லைச் சூளையில் சுட்டுத் தண்ணீரில் நீற்றினால் சுண்ணாம்பு. சுவரில் பூசியபின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. அதன் காரத்திற்குப் பூஞ்சைக்காளான் எளிதில் பிடிப்பதில்லை. கஞ்சியோ பசையோ கொஞ்சம் கலந்து, ஒரு சிட்டிகை நீலம் போட்டு, மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு அடிக்க வேண்டும். ஈரத்தில் வெளுப்பு தெரியாது, காய்ந்தபின்தான் தெரியும். அதற்குள் அவசரப்பட்டுக் கெட்டியாக அப்பினால் பொருக்குப் பொருக்காய் உதிர்ந்து குழம்பில் விழும். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பெயிண்டு அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. அங்கே கழுவக்கூடிய வெள்ளைப் பெயிண்டுதான் வழி.

இங்கே ஒரு பெரிய ஆட்சேபணை கிளம்பும். “அடுப்பங்கரைக்குப் போய் வெள்ளையா? அழுக்குத் தெரியுமே! கரும்பச்சையோ காப்பிக் கலரோ அடித்தால் தெரியாதல்லவா?” என்பார்கள். கடைக்காரரும் அதையே சொல்லுவார். தோழர்களே, அழுக்குத் தெரியாமலிருப்பதும் அழுக்கில்லாமலிருப்பதும் ஒன்றா? தெரிந்தால் துடைப்போம், தெரியாவிட்டால் அதன்மேலேயே சமைத்துச் சாப்பிடுவோம். எறும்பும் கரப்பானும் பல்லியின் எச்சமும் கண்ணுக்குப் படாமலிருக்க வேண்டும் என்பதற்காகச் சுவருக்கு இருட்டைக் காசு கொடுத்து வாங்குவது எந்த ஊர் புத்தி? அன்றியும், வெள்ளைச் சுவர் தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் பெரும்பங்கைத் திருப்பிக் கொடுக்கிறது, கருஞ்சுவர் விழுங்கிவிடுகிறது. ஒரே விளக்கை ஏற்றிவைத்து இரண்டையும் பார்த்தால் குழந்தைக்கும் விளங்கும்.

அடுத்தது பகல் வெளிச்சமும் புகைபோகிற வழியும். ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு இது மிகவும் சுலபம். மங்களூரில் 1865-இல் பாசல் மிஷன்காரர்கள் ஆரம்பித்த தொழிற்சாலையிலிருந்து பரவிய அச்சு ஓடுகள்தான் நம் ஊர்க் கூரைகளில் பெரும்பாலும் இருப்பவை. அதே அச்சில் கண்ணாடி ஓடும் கிடைக்கிறது. மேடைக்கு நேர்மேலே இரண்டு ஓட்டை எடுத்துவிட்டு இரண்டு கண்ணாடி ஓட்டைச் செருகினால் பகலில் விளக்கே வேண்டாம். வெயில் நேராக அடுப்பின்மேல் விழாமல் சற்றுத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சித்திரையில் ஏசுவார்கள். காங்கிரீட் வீடானால் கூரைக்குக் கீழே, எவ்வளவு உயரத்தில் முடியுமோ அவ்வளவு உயரத்தில் ஒரு திறப்பு வைக்க வேண்டும். சூடான புகை மேலே ஏறும். மேலே வழியிருந்தால் போய்விடும். கீழே கதவு வழியாக நல்ல காற்று அதன் இடத்திற்கு வரும். ஜன்னல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தாழ்வாக மட்டும் இருந்தால் தலைக்கு மேலே புகை தங்கித்தான் நிற்கும்.

புகையென்றால் அலட்சியமாய் நினைக்கிறோம். 2020-ஆம் ஆண்டில் வீட்டுப் புகையினால் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் மட்டும் 2,37,000-க்கு மேல். தாயின் இடுப்பில் இருந்துகொண்டு அடுப்பண்டை போகிற குழந்தைகள் அவை. தமிழ்நாட்டில் 2007-இலும், இந்தியா முழுமைக்கும் 2016-இலும் ஏழைகளுக்குக் கேஸ் இணைப்புக் கொடுக்கும் திட்டங்கள் தொடங்கப்பட்டன, பலனும் பெரிது. ஆனாலும் சிலிண்டர் தீர்ந்தால் மறுபடி நிரப்பக் காசில்லாமல் கொல்லையில் விறகு பொறுக்குகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. சுவரில் படிந்த கரிக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம். மார்புக்குள் படிந்ததற்கு எதை அடிப்பது?

நிற்க, இரவு விளக்கைப் பற்றி. முன்னே 60 வாட் குண்டு பல்பு கொடுத்த வெளிச்சத்தை இப்போது 9 வாட் எல்.ஈ.டி. விளக்கு கொடுக்கிறது. தினம் 4 மணி நேரம் எரித்தால் முன்னதற்கு மாதம் 7 யூனிட்டுக்கு மேல். பின்னதற்கு 1 யூனிட்டுக்குச் சற்று அதிகம். இந்த வெள்ளை வெளிச்சத்திற்கு வழிகாட்டிய நீல ஒளிக்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா என்ற மூவருக்கு 2014-இல் நோபெல் பரிசு கொடுத்தார்கள். குத்துவிளக்குக்குப் பொட்டு வைத்துச் சுற்றி வந்து கும்பிடுகிற நாம், இந்த விளக்கை வாங்கி, சமைக்கிறவளின் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறோம். அதை எடுத்து முன்பக்கத்துச் சுவரில், தலைக்கு மேலே, கைக்கு நேராக மாட்டுங்கள். கொஞ்சம் ஒயரும் எலெக்ட்ரீஷியன் கூலியுந்தான் செலவு.

இதெல்லாம் அற்ப விஷயம், இதற்கு ஒரு கட்டுரையா என்று சிலர் சிரிக்கக்கூடும். ஜெர்மனியில் அப்படிச் சிரிக்கவில்லை. 1926-இல் பிராங்பர்ட் நகரசபை தொழிலாளருக்கு வீடு கட்டியபோது, மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டிடக் கலைஞரிடம் அடுப்பங்கரைத் திட்டத்தை ஒப்படைத்தார்கள். சமைக்கிறவள் எத்தனை அடி நடக்கிறாள் என்று கணக்கெடுத்து, ஜன்னலுக்கு எதிரே நறுக்கும் மேசையை வைத்து, கூரையில் தண்டவாளம்போல் ஒன்று போட்டு, வேண்டிய இடத்திற்கு நகர்த்திக்கொள்ளும்படி விளக்கை அதில் தொங்கவிட்டார் அந்த அம்மையார். அறையின் அகலம் 2 மீட்டருக்கும் குறைவு. அப்படிச் சுமார் 10,000 அடுப்பங்கரைகள் கட்டப்பட்டன. அந்தம்மாளுக்கு அதற்கு முன் சமைத்துப் பழக்கமே இல்லையாம், அவரே சொல்லியிருக்கிறார். கேட்டு, அளந்து, யோசித்துச் செய்தார். சமைக்கத் தெரியாது என்று நம் ஆண்பிள்ளைகள் சொல்லுகிற சாக்கு இதோடு போயிற்று.

அந்த அறையிலும் ஒரு குறை உண்டு. ஒருவர் மாத்திரம் நிற்கும்படியாகக் கட்டிவிட்டார்கள். அந்த ஒருவர் யார் என்பதில் அங்கேயும் சந்தேகம் இருக்கவில்லை.

நம் வீடுகளிலும் கூடத்துக்கு என்ன வாங்குவது என்று தீர்மானிக்கிறவன் ஒருவன், அடுப்பங்கரையில் நிற்கிறவள் ஒருத்தி. பணப்பை அவன் கையில். இருட்டு அவள் தலையில். எனவே, இந்த வருஷம் சுண்ணாம்பு வாங்கப் போகிறவர்கள் அதற்கு முன் ஒரு வாரம் தாங்களே இரவுச் சமையலைச் செய்து பார்க்கட்டும். எங்கே நிழல் விழுகிறது, எங்கே கண் எரிகிறது, எந்த டப்பா கைக்குத் தட்டுப்படவில்லை என்பது தானாகத் தெரியும். பிறகு வாளியை நிரப்பி, அடுப்பங்கரையிலிருந்து வெள்ளையடிக்கத் தொடங்கட்டும். வண்டல் மிஞ்சினால் திண்ணைக்குப் போதும்.

என் வீட்டில் போன தையில் அப்படித்தான் செய்தோம். சுண்ணாம்பு, தூரிகை, இரண்டு கண்ணாடி ஓடு, ஒரு விளக்கு, கொத்தனாருக்கு அரைநாள் கூலி என்று எல்லாம் சேர்ந்து, கூடத்து மேற்கூரைக்கு நான் வாங்கிய கடனின் ஒரு மாத வட்டிக்குக்கூட வரவில்லை. இப்போது சாயங்காலத்தில் என் பெண் தன் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கூடத்தை விட்டு அங்கே போய் உட்காருகிறாள். திண்ணைச் சுவர் மாத்திரம் கொஞ்சம் திட்டுத் திட்டாக இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் இரண்டு தடவை அதைப்பற்றி விசாரித்துவிட்டார்.