நந்தா விளக்கும் தெரு விளக்கும்

திருக்கோணமலை மாவட்டத்திலே, பெரியகுளத்துக்கு அணித்தாக வெல்கம் விகாரை என்னும் பழம்பள்ளி ஒன்றுண்டு. சோழர் காலத்தில் அஃது இராசராசப் பெரும்பள்ளி எனவும் வழங்கிற்று. அங்குள்ள பதினோராம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுக்கள் பள்ளிக்கு நந்தா விளக்கு வைத்தோர் கொடையைக் கூறுகின்றன. வைத்தவர் விளக்கை மட்டும் வைத்து அகன்றாரல்லர். அது அவியாது எரிதற்பொருட்டுக் கால்நடைகளையும் உடன் அளித்தனர். தமிழகத்துக் கல்வெட்டுக்கள் இத்தகைய கொடைக்குரிய ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று குறிக்கும். சாவாத ஆடும் உண்டோ என மாணவர் நகைப்பர். இறந்ததற்கு ஈடாகக் குட்டியைச் சேர்த்து, மந்தையின் தொகை என்றும் குறையாமற் காத்தல் வேண்டும் என்பதே அதன் பொருள். இக்கால வழக்கிற் கூறின், அது பராமரிப்புக்கென ஒதுக்கிய நிலைமுதல்.

அம்முதலைப் பற்றிய நினைவே இன்று நம்மிடம் இல்லை. தெருவிளக்குப் பேச்சு எழும்போதெல்லாம் புதிதாக எத்தனை விளக்கு என்று கேட்கின்றோம்; அவிந்ததை யார் மாற்றுவார் என்று கேட்பாரில்லை. கேட்டாலும் விடை எளிதன்று. கம்பம் மின்சார சபையார் நாட்டியது. விளக்கு உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பு. பெருந்தெருவாயின் நிலம் வீதி அபிவிருத்தி அதிகார சபையினது. மாலை வகுப்பு முடிந்து இருளில் வீடு திரும்பும் மாணவி எவரிடம் முறையிடுவாள்?

துறைமுகப் பட்டினத்துக்கு வேறோர் இடரும் உண்டு. உப்புக் காற்று இரும்பைத் தின்னும். விளக்குக் கூட்டின் இடுக்கு வழியே ஈரத்தையும் புகுத்தும். பழைய மஞ்சள் நிறச் சோடிய விளக்குக்குப் பதிலாக இன்று வரும் எல்.இ.டி. விளக்கு ஏறக்குறையப் பாதி மின்சாரத்திலேயே போதிய ஒளி தருவது உண்மை. ஆயின் அது பெரும்பாலும் ஒளிரும் மணி பழுதாகி அவிவதில்லை. மின்னோட்டத்தைச் சீராக்கித் தரும் சிறுபெட்டி ஈரத்தாலோ இடிமின்னலாலோ கெட்டே அவிகின்றது. எனவே விலை குறைந்த விளக்கை வாங்கிக் கடற்கரை வீதியில் மாட்டுதல் சிக்கனமாகாது.

2022 மார்ச் இறுதியை நாம் மறந்திருக்க மாட்டோம். நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு நிகழ்ந்த அந்நாளில், நாடெங்கும் தெருவிளக்குகளை அணைத்துவிடுமாறு உள்ளூராட்சி மன்றங்களுக்குப் பணிக்கப்பட்டது. முற்றாக எரிப்பது, முற்றாக அணைப்பது என்னும் இரண்டையன்றி வேறு வழி நம் கையில் இருக்கவில்லை. அந்த இடைவழியைத் தருவதே இப்போது பேசப்படும் 'ஸ்மார்ட்' கட்டுப்பாடு. ஒளியுணரி அந்தியில் விளக்கை ஏற்றும். நள்ளிரவுக்குப் பின் ஒளியைப் பாதியாகக் குறைக்கலாம். எந்தக் கம்பத்தில் எவ்விளக்கு அவிந்தது என்பதை அலுவலகத்திலிருந்தே அறியலாம்.

இங்கே ஒன்றைத் தெளிதல் வேண்டும். நம் நாட்டில் மின்தேவை உச்சமுறும் நேரம் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. மக்கள் தெருவில் நடமாடுவதும் அப்போதுதான். அந்நேரத்தில் ஒளியைக் குறைத்தல் தகாது. ஆதலால் உச்ச நேரச் சுமையைத் தணிப்பது விளக்கை மாற்றுவதே; நள்ளிரவு மங்கல் பணத்தை மீதப்படுத்தும், அவ்வளவே. கொட்டியாரக் குடாவின் தென்கரையிற் சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டம் 2025 ஏப்ரலில் தொடங்கிவைக்கப்பட்டது. நன்று, ஆயினும் தெருவிளக்கு எரியும் வேளையில் ஞாயிறு இல்லை அன்றோ!

வங்கக் கடலின் அக்கரையில், நம்மூர் போலவே கடற்படைத் துறைமுகமான விசாகப்பட்டினத்தை நோக்குக. 2014 அக்டோபரில் 'ஹூட்ஹூட்' புயல் அந்நகரைச் சிதைத்தது. பின்னர் 90,000 இற்கும் மேற்பட்ட எல்.இ.டி. தெருவிளக்குகள் அங்கே பொருத்தப்பட்டன. பொருத்திய நிறுவனமே பராமரிப்பையும் ஏற்றது. மீந்த மின்கட்டணத்திலிருந்தே அதற்குரிய பணம் கொடுக்கப்பட்டது. எண்ணிக்கையை வியப்பாரே பலர். நான் வியப்பது அந்த உடன்படிக்கையை. சாவா மூவாப் பேராட்டின் சாயல் அதில் உண்டு. கருவி 'இவ்விளக்கு அவிந்தது' என்று அறிவிக்கும். ஏணியில் ஏறுவதற்கோ ஆளும் கூலியும் உதிரிப்பாகமும் வேண்டும்.

ஒளி மிகுந்தால் நலம் மிகும் என்று எண்ணுவாரும் உளர். கண்கூசும் வெள்ளொளியைக் கடந்து இருளுட் புகுபவனுக்குச் சில கணம் ஒன்றும் தெரியாது. பிரெடெரிக் கோட்டையிலிருந்து இறங்கி நகர வீதிகளில் உலாவும் புள்ளிமான்கள் அக்கணத்தில் எதிர்ப்படக்கூடும். 3000 கெல்வினுக்கு மேற்படாத இளமஞ்சள் ஒளியே ஏற்றதென 2016 இல் அமெரிக்க மருத்துவச் சங்கமும் பரிந்துரைத்தது. விளக்குகளுக்கு இடைப்பட்ட தூரமும் ஒளி சாயும் கோணமும் அளந்து அமைக்கப்படல் வேண்டும்.

2023 மார்ச் முதல் உறுப்பினரின்றி இருந்த நம் உள்ளூராட்சி மன்றங்கள், 2025 மே 6 ஆம் நாள் தேர்தலின்பின் மீண்டும் மக்கட் பிரதிநிதிகளைப் பெற்றன. ஆண்டிறுதியில் வரவுசெலவுத் திட்டம் படிக்கப்படும்போது, புதுவிளக்குக்கு எவ்வளவு என்ற இலக்கத்தின் அருகே, பழைய விளக்கைக் காக்க எவ்வளவு என்ற இலக்கமும் இருக்கின்றதா என்று ஆசிரியர்களாகிய நாமேனும் எழுந்து கேட்போமாக.