வகுப்பு முடிந்த பின்னும்

பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட விதிமுறைகளில் ஆசிரியர்களுக்கான ஒழுக்க நெறிகளும் இடம்பெற்றன. மாணவரைச் சாதி, மத, பொருளாதார வேறுபாடு பாராது நீதியுடன் நடத்துதல், மதிப்பிடுகையில் தகுதி ஒன்றையே நோக்குதல், வகுப்பு நேரம் கடந்தும் ஊதியம் எதிர்பாராது வழிகாட்டுதல் ஆகியன அவற்றுட் சில.

இறுதியாகக் கூறிய நெறியே நம் வடசென்னைக்கு இன்றியமையாதது. முகத்துவாரக்குப்பத்து மீனவர் இல்லத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரி செல்லும் பிள்ளைக்கு, ஐயம் தீர்க்க வீட்டில் எவருமில்லை; தனிப்பயிற்சிக்குப் பணமுமில்லை. பேராசிரியர் ஒதுக்கும் அரை மணி நேரமே அப்பிள்ளைக்குத் துணை. விதியாகிவிட்ட பின் அது ஆசிரியரின் தயவன்று, கடமை.

சகோதர, சகோதரியரே! கல்லூரிப் பணியிலிருப்போர் அந்நேரத்தை அமானிதமாகப் பேணட்டும். அதைத் தயங்காது கேட்டுப்பெறப் பெற்றோரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரட்டும்.