கூப்பன் தேடித் தரும் ப்ளக்-இன்: கடைசி நொடியில் கமிஷன் யார் கைக்குப் போகிறது?

பண்ருட்டி – நெய்வேலி பக்கம் இருக்கும் காடாம்புலியூர், முந்திரி வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு தரகர் வெளியூர் வியாபாரியைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்து, விலை பேசி முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எடை போடும் நேரத்தில் வாசலில் நின்ற வேறொருவர் உள்ளே நுழைந்து, ‘இந்தப் பார்ட்டியைக் கூட்டிவந்தது நான்தான்’ என்று தரகை வாங்கிக்கொண்டு போனால்? ஊரே கூடிவிடும். ஆன்லைன் ஷாப்பிங்கிலும் இதே வேலை நடக்கிறது. சத்தம் மட்டும் வருவதில்லை.

அஃபிலியேட் கமிஷன் என்பது என்ன?

யூடியூபில் ஒரு மிக்ஸியைப் பற்றிப் பேசிவிட்டு ‘லிங்க் கீழே இருக்கு’ என்கிறார்களே, அதுதான். அந்த லிங்க்கைத் தொட்டதும், ‘இந்த வாடிக்கையாளரை அனுப்பியவர் இவர்’ என்ற சின்னக் குறிப்பு பிரவுசரில் பதிவாகும். அதன் பெயர் குக்கீ. அமேசானில் அதன் ஆயுள் பொதுவாக 24 மணி நேரம். அதற்குள் பொருளை வாங்கினால், அனுப்பியவருக்குக் கமிஷன். வாங்குபவருக்கு விலை கூடாது.

4,000 ரூபாய் மிக்ஸிக்கு 5 சதவீதம் என்று வைத்தால் 200 ரூபாய். மாதம் 20 பேர் வாங்கினால் 4,000 ரூபாய். நெய்வேலி டவுன்ஷிப்பில் வேலைக்குப் போய்க்கொண்டே சேனல் நடத்தும் ஒருவருக்கு, இன்டர்நெட் பில்லும் அடுத்த ரிவ்யூவுக்கான பொருளும் அதில்தான் வரவேண்டும்.

எங்கே திருடு போகிறது?

பெரும்பாலான கடைகளில் ‘கடைசி க்ளிக்’ விதிதான். பணம் கட்டுவதற்கு முன் கடைசியாகப் பதிவான குக்கீ யாருடையதோ, அவருக்கே முழு கமிஷன். சில பிரவுசர் ப்ளக்-இன்கள் சரியாக இந்த இடத்தில் நுழைகின்றன. பணம் கட்டும் பக்கத்தில் ‘கூப்பன் தேடட்டுமா?’ என்று ஒரு பெட்டி வரும். அதைத் தொட்டால், பின்னணியில் ப்ளக்-இன் தன் லிங்க்கைத் திறந்து, பழைய குக்கீயின் மேல் தன் குக்கீயைப் பதிந்துவிடும்.

2024 டிசம்பரில் மெகாலேக் என்ற யூடியூபர், ‘ஹனி’ என்ற ப்ளக்-இன் இப்படிச் செய்வதாக வீடியோ வெளியிட்டார். கூப்பன் எதுவும் கிடைக்காதபோதும் கமிஷன் ஹனிக்குப் போவதை அதில் காட்டினார். 2020-ல் பேபால் நிறுவனம் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கிய ப்ளக்-இன் இது. அமெரிக்காவில் யூடியூபர்கள் வழக்குத் தொடுத்தார்கள். பேபால் சொன்ன பதில் முக்கியமானது: கடைசி க்ளிக் உட்பட, துறையின் விதிகளைத்தான் ஹனி பின்பற்றுகிறது என்றது.

இது அமெரிக்கப் பிரச்சினை மட்டுமல்ல. 2022 ஆகஸ்டில் மெக்காஃபி நிறுவனம், பயனருக்குத் தெரியாமல் அஃபிலியேட் குக்கீயைத் திணித்த 5 குரோம் எக்ஸ்டென்ஷன்களை அடையாளம் காட்டியது. மொத்தம் 14 லட்சம் பேர் அவற்றை நிறுவியிருந்தார்கள். சில எக்ஸ்டென்ஷன்கள், மாட்டிக்கொள்ளாமல் இருக்க, நிறுவி 15 நாள் கழித்தே வேலையைக் காட்டின.

கூகுள் என்ன செய்தது?

2025 மார்ச்சில் குரோம் வெப் ஸ்டோர் விதிகளை மாற்றியது. தள்ளுபடி, கேஷ்பேக், நன்கொடை என எந்தப் பலனும் தராமல் அஃபிலியேட் லிங்க்கைச் செருகக் கூடாது. ஒவ்வொரு முறையும் பயனர் ஏதாவது செய்த பிறகே செருக வேண்டும் என்றது. நல்ல விதிதான். ஆனால், பத்து ரூபாய் கேஷ்பேக் கொடுத்துவிட்டு இருநூறு ரூபாய் கமிஷனை எடுத்துக்கொள்வதை இது தடுக்காது.

லிங்க் போடுபவர்கள் என்ன செய்யலாம்?

ஒவ்வொரு வீடியோவுக்கும் தனி ட்ராக்கிங் ஐடி வையுங்கள். க்ளிக் வழக்கம்போல வந்தும் ஆர்டர் மட்டும் திடீரென விழுந்தால், காரணத்தை விசாரியுங்கள். சிறிய கடைகளோடு நேரடியாகப் பேசி, உங்கள் பெயரில் கூப்பன் கோடு வாங்கி, கோடை வைத்தே கமிஷன் கணக்கிடச் சொல்லுங்கள்; குக்கீ மாறினாலும் அந்தக் கணக்கு மாறாது.

வாங்குபவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் கிடையாது. ஆபீஸ் லேப்டாப்பில் இருக்கலாம். எந்த வெப்சைட்டையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும் எக்ஸ்டென்ஷன், தேவையில்லை என்றால் நீக்கிவிடுங்கள்.

யார் சரிசெய்ய வேண்டும்?

இதெல்லாம் தற்காப்புதான். வாங்குபவருக்கு நஷ்டம் இல்லை என்பதால் அவர் புகார் செய்ய மாட்டார். லிங்க் போட்டவருக்கோ, பறிபோனதே தெரியாது. முழுக் கணக்கும் கண்ணில் படுவது கமிஷன் கொடுக்கும் கடைகளுக்கும் அஃபிலியேட் நெட்வொர்க்குகளுக்கும்தான். ஏற்கெனவே ஒருவரின் லிங்க் வழியாக வாடிக்கையாளர் வந்திருந்தால், ப்ளக்-இன் ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற விதி பல நெட்வொர்க்குகளில் இருக்கிறது. அதை மீறுபவர்களை வெளியேற்றுவதும், பணம் கட்டும் பக்கத்தில் திடீரென முளைக்கும் குக்கீக்குக் கமிஷனை மறுப்பதும் அவர்கள் கையில் இருக்கிறது. வாடிக்கையாளரை அழைத்து வந்தவருக்குச் சேர வேண்டிய 200 ரூபாயைச் சரியான கணக்கில் போடும் பொறுப்பு, பணம் கொடுப்பவருடையது.