சமாதானம் என்ற பெயரில் ஒரு கொள்ளை

வீதி விபத்தில் ஒருவர் தமது காலை இழக்கின்றார். அவருடைய மோட்டார் சைக்கிள் உருக்குலைந்து பொலிஸ் நிலைய வளவில் கிடந்து துருப்பிடிக்கின்றது. மோதிய வாகனத்தின் சாரதியோ நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டப்பணத்தைக் கட்டிவிட்டுப் போய்விடுகின்றார். அத்துடன் வழக்கு முடிந்துவிட்டதென்று காலை இழந்தவரும் அவரது வீட்டாரும் நம்பிவிடுகின்றனர். நீதிமன்றச் செய்திகளை நீண்ட காலம் எழுதியவன் என்ற வகையில், இந்த நம்பிக்கையைப் போல எமது மக்களை ஏமாற்றிய வேறொன்றை நான் கண்டதில்லை. அந்தத் தண்டப்பணம் அரசாங்கத்துக்குச் சேர்வது. அதில் ஒரு சதமேனும் காலை இழந்தவருக்கு உரியதல்ல.

குற்றவாளியாகக் காணப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு செலுத்த வேண்டுமென நீதவான் கட்டளையிட முடியும். 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை அதற்கு இடமளிக்கின்றது. ஆயினும், இழப்பின் முழு அளவையும் கேட்டுப் பெறுவதற்குரிய இடம் மாவட்ட நீதிமன்றமே. வைத்தியச் செலவு, இழந்த வருமானம், இனி இழக்கப்போகும் வருமானம், அனுபவித்த வலியும் வேதனையும், வாகனத்தைத் திருத்தும் செலவு ஆகிய அனைத்தையும் எமது நாட்டில் நடைமுறையிலுள்ள ரோமன் டச்சுச் சட்டத்தின்கீழ் அங்கே கோரலாம். எதிராளியின் கவனயீனத்தை நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த உரிமை மாவட்ட நீதிமன்றத்தின் வாசலை எட்டுவதற்கு முன்னரே பொலிஸ் நிலையத்தில் கொல்லப்படுகின்றது. "உங்களிலும் பிழை இருக்குதுதானே, சமாதானமாய்ப் போங்கோ" என்பார் அதிகாரி. பிழை இருந்தால்தான் என்ன? தன் பங்குக்குக் கவனயீனமாக நடந்துகொண்டவரின் கோரிக்கை அந்தக் காரணத்தால் அழிந்துவிடாது என்றும், பிழையின் அளவுக்கேற்ப நட்டஈடு குறையும் என்றும் 1968 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. அதைச் சொல்வதற்கு அங்கே எவருமில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கும் போதாத ஒரு தொகையைக் கையில் வைத்து, இதற்குமேல் எதையும் கோரமாட்டேன் என்று எழுதிய கடதாசியில் ஒப்பம் வாங்கிக்கொள்கின்றார்கள். பின்னர் வழக்குத் தொடர்ந்தால் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்தக் கடதாசியைத்தான். தமிழ் அரசகரும மொழியாக்கப்பட்டது 1987 இல். இருந்தும், சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் என்ன இருக்கின்றதென்று தெரியாமலே கையொப்பமிட்டுவிட்டு வரும் தமிழர்களை இன்றும் காணலாம்.

"அவரும் பிள்ளைகுட்டிக்காரர், எங்கே போவார் காசுக்கு?" என்ற இரக்கப் பேச்சும் அங்கேதான் எழும். மூன்றாந்தரப்புக் காப்புறுதி இல்லாமல் எந்த வாகனமும் வீதியில் இறங்கக்கூடாது என்பது 1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். ஆகவே, மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் நீதிமன்றம் தீர்க்கும் தொகையைச் செலுத்த வேண்டியது பெரும்பாலும் காப்புறுதி நிறுவனமே. வழக்கைப் பற்றி அந்நிறுவனத்துக்கும் உரிய நேரத்தில் அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும் என்பதை மாத்திரம் மறக்கக்கூடாது. சொத்துச் சேதத்தின் நிலை வேறு. சட்டம் கட்டாயப்படுத்தியிருப்பது உயிருக்கும் உடலுக்குமான பொறுப்பையே. உங்கள் மதிலை இடித்த லொறியின் காப்புறுதி மதிலுக்கும் பணம் தருமா என்பது அந்தப் பத்திரத்தின் நிபந்தனைகளைப் பொறுத்தது.

இவை எல்லாவற்றையும் விட என்னைக் கோபமூட்டுவது எமது சமூகத்தின் நாக்கு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் நட்டஈடு கேட்டால், "பிள்ளையை விற்றுக் காசு வாங்குகிறாள்" என்று பேசுவதற்கு ஊரில் ஆட்கள் இருக்கின்றார்கள். சட்டமும் வெகுகாலம் ஏறத்தாழ இதே மனநிலையில்தான் இருந்தது. 1992 இல் இறந்த ஒரு சிறுமிக்காகத் தந்தை தொடுத்த மருத்துவக் கவனயீன வழக்கைச் சட்டம் படித்தவர்கள் அறிவர். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை வெகுவாகக் குறைத்தது. 2001 இல் உயர் நீதிமன்றம், கவனயீனத்தால்தான் மரணம் நேர்ந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை எனக் கூறி, கோரிக்கையையே நிராகரித்தது. பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்தமைக்கு எமது சட்டத்தில் நட்டஈடு கிடையாது என்பதும் அத்தீர்ப்பின் ஒரு பகுதி. உழைத்துக் கொடுத்தவன் செத்தால் அவனுடைய சம்பளத்துக்குக் கணக்குண்டு, பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்குக் கணக்கே இல்லை! இந்த அநியாயத்தை நீக்கப் பாராளுமன்றத்துக்கு மேலும் 18 ஆண்டுகள் தேவைப்பட்டன. 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம், அன்பும் அரவணைப்பும் துணையும் இழக்கப்பட்டமைக்காக நெருங்கிய உறவினர் நட்டஈடு கோரலாம் என்றது. சட்டமே திருந்திவிட்டது. ஊர்வாய்தான் இன்னும் திருந்தவில்லை.

புலம்பெயர்ந்த உறவுகளிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. லண்டனிலோ ரொறன்ரோவிலோ பின்னால் வந்த கார் இலேசாக இடித்தாலே, கழுத்து நோகிறதென்று மறுநாளே சட்டத்தரணியைத் தேடுகின்றீர்கள். அது உங்கள் உரிமை, நான் குறை கூறவில்லை. ஆனால், ஊரில் உங்கள் மருமகனை பஸ் மோதிவிட்டது என்றால், "விட்டுத்தள்ளுங்கோ, நாங்கள் காசு அனுப்புறம்" என்று தொலைபேசியில் சொல்லிவிடுகின்றீர்களே, ஏன்? பிரித்தானியாவில் உடற்காயத்துக்கு வழக்குத் தொடர மூன்று ஆண்டுகள் உண்டு. இந்தியாவில் வாகன விபத்து நட்டஈட்டுக்கென்றே தீர்ப்பாயங்கள் இயங்குகின்றன. இலங்கையிலோ 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் இரண்டே இரண்டு ஆண்டுகளைத்தான் தருகின்றது. நீங்கள் மாதாமாதம் காசு அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அந்த இரண்டு ஆண்டுகளும் ஓடி முடிந்துவிடும்.

மோதியது இராணுவ வாகனம் என்றால் எமது மக்கள் வாயே திறப்பதில்லை. அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு என்பதை நான் அறியாதவனல்லன். ஆயினும், அரச ஊழியர் கடமையின்போது இழைக்கும் தீங்குக்கு அரசே பொறுப்பு என 1969 ஆம் ஆண்டின் சட்டம் கூறுகின்றது. அரசுக்கு எதிராக வழக்குத் தொடர்வதானால், சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். அந்த மாதத்தையும் இரண்டு ஆண்டுகளுக்குள் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வைத்தியசாலையில் தந்த நோய் நிர்ணய அட்டை, பற்றுச்சீட்டுகள், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மோதிய வாகனத்தின் இலக்கம், சேதத்தின் புகைப்படங்கள் ஆகியவற்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். அதுவரை பொலிஸ் நிலையத்தில் நீட்டப்படும் எந்தக் கடதாசியிலும் ஒப்பமிடாதீர்கள்.